போன வாரம் உட்கார்ந்த இடம்

திங்கட்கிழமை காலை ஆறே கால் இருக்கும். தம்போயில் எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளை சீருடை மாட்டிக்கொண்டு, புத்தகப் பையைக் கேட்டில் சாய்த்துவைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். ஆறரை ஆயிற்று. அவள் அம்மா வெளியே வந்து தெருமுனையைப் பார்த்தார். "அங்கிள், ரோஸ்லின் ஆன்ட்டி வேன் இன்னும் வரல. அவங்க லேட்டா வந்து நான் பாத்ததே இல்லயே" என்றார். நானும் பார்த்ததில்லை. போன் செய்து கேட்கலாம் என்று உள்ளே போனேன். அதற்குள் போன் தானே அடித்தது. என் நண்பன் சாமுவேல் பேசினான். "பாலு, ரோஸ்லின் அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்கடா. ஷீலா காலையில அம்மாவ எழுப்பப் போயிருக்கு, அசையல" என்றான். "இங்க பிள்ள நிக்குதுடா" என்றேன். அந்தப் பிள்ளையை அன்று என் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டுவிட்டு வந்துதான் அழுதேன். அக்கா இருந்திருந்தால் அவரும் அந்த வரிசையில்தான் செய்திருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வாரநாளில் அவர் வேனில் ஏறியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை ஏறியவர்கள் நாம். கெலாங் பாத்தாவில் கிளம்பி, தம்போயைச் சுற்றி, தெப்ராவில் மூன்றாம் மாடியில் இருக்கும் நம் சபைக்கு ஆராதனை தொடங்கக் கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். ஆள் குள்ளம். ஓட்டுநர் இருக்கையில் பூப்போட்ட மெத்தை ஒன்றைப் போட்டு அதன்மேல்தான் உட்காருவார். தூரத்திலிருந்து பார்த்தால் வேனை யாரும் ஓட்டாதது போலவே இருக்கும். சாலையில் எத்தனை பேர் அதைப் பார்த்துப் பயந்தார்களோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

அந்த வேனுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. போன வாரம் உட்கார்ந்த இடத்தில் இந்த வாரம் உட்காரக் கூடாது. போன வாரம் பக்கத்தில் இருந்தவர் பக்கத்திலும் உட்காரக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்க அவர் வைத்த சட்டம் அது. பெரியவர்களுக்கும் அப்படியே வைத்துவிட்டார். புருஷன் பெண்டாட்டி என்றாலும் விலக்கு இல்லை. ஒருவர் எதிர்த்துக் கேட்டதற்கு, "வீட்ல பக்கத்துல பக்கத்துலதான இருக்கீங்க, அங்க பேசிக்குங்க. இங்க வேற ஆளப் பாருங்க" என்றார். ஆராதனை முடிந்ததும் கைகுலுக்கி, நலமா என்று கேட்டுவிட்டுக் கலைவது எல்லாச் சபையிலும் உண்டு. நம்மிடையே யாருக்கு எந்த முழங்கால் வலிக்கிறது, யார் மகள் எந்தப் பரீட்சை எழுதுகிறாள் என்பதெல்லாம் தெரிந்ததற்குக் காரணம் போதகரின் பிரசங்கம் அல்ல, அந்த வேன். போதகர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

நான் அந்த வேனில் விரும்பி ஏறியவன் அல்லன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் மனைவி எஸ்தர் இறந்தாள். அதன்பின் சபைக்குத் தனியாகக் காரில் வருவேன், கதவோரம் உட்காருவேன், கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் எழுந்து போய்விடுவேன். யாரும் என்னைத் தடுத்து நிறுத்தி நலம் விசாரிக்கக் கூடாது என்பதே என் நோக்கம். சிரித்த முகத்தோடு யாராவது நெருங்கினாலே எனக்கு எரிச்சல் வரும். பிறகு கண்ணில் புரை விழுந்தது. ஒரு கண்ணுக்கு அறுவை முடிந்து, மறு கண்ணுக்குக் காத்திருந்த மாதங்களில் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. "ஏறு, ஏறு. பிள்ளைங்களவிட நீதான் நேரம் எடுக்கற" என்றார் அக்கா.

வேனுக்குள் சாமுவேல் இருந்தான். அவனைப் பார்த்ததும் இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். சாமுவேலும் நானும் வாலிபர் சங்கக் காலத்திலிருந்தே நண்பர்கள். நம் சபையில் பாடத் தெரிந்தவன் அவன். மற்றவர்கள் எல்லாரும் கூடவே வாயசைப்பவர்கள். எஸ்தர் மருத்துவமனையில் கிடந்தபோது தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைச் சொல்லி, "என் அடக்கத்துல சாமு அண்ணன் இதப் பாடணும்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். அவள் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். சாமுவேலுக்கு அப்போதும் இப்போதும் சிங்கப்பூரில் கிடங்கு ஒன்றில்தான் வேலை, வாரநாளில் அங்கேயே தங்கிவிடுவான். இரண்டு மணிக்கு அடக்கம். அவன் வந்து சேர்ந்தபோது மண்ணெல்லாம் போட்டு முடித்து, பூவும் வைத்தாகிவிட்டது. முழங்கால் வரை நனைந்துபோய் வந்து நின்றான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துவிட்டேன். ஆறு ஆண்டுகள் அப்படியே காட்டிக்கொண்டிருந்தேன். அவனும் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, விட்டுவிட்டான்.

அந்த வேனில் இருவர் இருவராகத்தான் இருக்கைகள். சட்டப்படி என்றாவது ஒரு நாள் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். நான் அதற்கும் வழி கண்டுபிடித்தேன். அவன் ஏறும் இடத்துக்கு முந்திய நிறுத்தம் வரை நடந்துபோய் ஏறுவேன். ஏறியதும் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடமாகப் பார்த்துப் போய் ஒட்டிக்கொள்வேன். நான்கு மாதம் இந்தக் கணக்கு பிசகவில்லை. அக்கா கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். ஒரே ஒரு முறை, நான் முன் இருக்கையில் இருந்தபோது கேட்டார். "பக்கத்துல யாரு உக்காந்தாலும் கர்த்தர் அனுப்புன ஆளுன்னு நெனச்சுக்கப்பா. அர மணி நேரந்தான, செத்தா போயிடுவ?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது நம் சபைக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது. கெலாங் பாத்தாவில் புது வீடு வாங்கி, நன்றி ஜெபத்துக்கு எல்லாரையும் அழைத்திருந்தார்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வேன் தெப்ராவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தம்போய்க்கு வந்தது. ஏறிப் பார்த்தால் பழத்தட்டுகளும் பூக்கூடைகளும் இருக்கைகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு தர்பூசணிக்கு சீட் பெல்ட் வேறு போட்டிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் ஜோடி ஜோடியாக நிறைந்திருக்க, இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்று மட்டும் முழுசாகக் காலி. "அந்தப் பழத்த கீழ வைக்கலாமேக்கா" என்றேன். "உருண்டு ஒடஞ்சா நீயா வாங்கித் தருவ? உக்காரு லா" என்றார். அடுத்த நிறுத்தத்தில் சாமுவேல் ஏறினான். அவனும் ஒரு முறை சுற்றிப் பார்த்தான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அரை மணி நேரம் நான் ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களை எண்ணினேன்.

அந்தத் தாமான் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே மாதிரி. ஒரே கேட், ஒரே சந்தன நிறச் சுவர். தெருவில் வேன் நிறுத்த இடம் இல்லாததால் அக்கா எங்களை இறக்கிவிட்டு, "வீட்டு நம்பரு பாலுகிட்ட இருக்கு, போய்க்கிட்டே இருங்க. நான் வண்டிய எங்கயாவது போட்டுட்டு வரேன்" என்று போய்விட்டார். தெப்ராவில் மின்பொருள் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்கியவன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தெருப்பலகையைப் பார்த்தேன், வீட்டு எண்ணைப் பார்த்தேன், "இதுதான்" என்று முன்னால் நடந்தேன்.

வாசலில் பெரிய கோலம். நடுக்கூடத்தில் முருகன் படம், மாலையோடு. புதிதாக வந்த குடும்பம்தானே, மெல்ல மெல்ல வருவார்கள், நாம் போய் ஒன்றும் கேட்கக் கூடாது என்று எல்லாரும் ஆளுக்கு ஆள் மனத்துக்குள் நாகரிகமாக இருந்துவிட்டோம். வீட்டம்மா பட்டுப்புடவையோடு ஓடிவந்து, "வாங்க வாங்க, ஜாம்ல மாட்டிக்கிட்டீங்களா? பெரியவங்க ரெண்டு பேரும் இங்க உக்காருங்க" என்று என்னையும் சாமுவேலையும் பிடித்து ஒரே சோபாவில் உட்கார வைத்தார். பழத்தட்டுகளையும் பூவையும் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "அப்படித்தாம்மா" என்றான் சாமுவேல்.

நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நான்கு பேர் ஒரு கூடத்தில் உட்கார்ந்து, தேநீர் வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், யாராவது ஒருவர் பாட்டை எடுத்துவிடுவார். அன்றும் எடுத்தார்கள். மூன்று சரணம், கைதட்டோடு. வீட்டுக்காரர் எழுந்து மரியாதையாகக் கைகட்டி நின்றார். வீட்டம்மா அவர் காதருகே, "புரோக்கர் இதச் சொல்லவே இல்லயேங்க" என்றது எனக்கே கேட்டது. கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் உள்ளறைக் கதவு திறந்து, தலை நிறையப் பூ வைத்த பெண் ஒருத்தி, கையில் வடைத்தட்டோடு தலைகுனிந்து நடந்து வந்து நேராக என் முன்னால் குனிந்தாள்.

அப்போது என் காதருகில் ஒரு குரல் கேட்டது. "பாலு. இது நம்ம வீடு இல்லடா. பொண்ணு பாக்க வந்திருக்கோம்." ஆறு ஆண்டுகளுக்குப் பின் சாமுவேல் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை: "வாய மூடிட்டு வடைய எடு." அதன்பின் எங்கள் இருவராலும் முடியவில்லை. சிரிப்பை அடக்க நான் வடையை வாயில் திணித்தேன். அவன் கைக்குட்டையைத் திணித்தான். சோபா ஆடியது. பெண் பயந்துபோய் இரண்டடி பின்வாங்கினாள். சரியாக அந்த நேரத்தில் வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. உண்மையான மாப்பிள்ளை வீட்டார், அவர்களும் பழத்தட்டோடு. அவர்களுக்குப் பின்னால், வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு ரோஸ்லின் அக்கா.

அக்கா கூடத்தை ஒரு முறை பார்த்தார். முருகன் படம், பட்டுப்புடவை, பெண், சோபாவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கண்ணீர் வழியச் சிரிக்கும் நாங்கள். "அலமாக்" என்று நெற்றியில் கைவைத்தார். பிறகு வீட்டம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்கம்மா, நான்தான் இவங்களுக்கு நம்பர தப்பா சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். எண்ணை அவர் சரியாகத்தான் கொடுத்திருந்தார். காகிதம் என் சட்டைப்பையில் இருந்தது. நாங்கள் போக வேண்டிய வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. உங்களில் பலர் இந்தக் கதையை எத்தனையோ விருந்தில் சொல்லி, "நம்ம ரோஸ்லின் அக்கா பண்ண கூத்து" என்று சிரித்திருக்கிறீர்கள். அக்காவும் கூடவே சிரித்தார். நானும் சும்மா இருந்தேன். தப்பு என்னுடையது. இன்றாவது எழுத்தில் இருக்கட்டும்.

அந்த வீட்டார் நல்லவர்கள். யாரையும் சாப்பிடாமல் போகவிடவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவே, "எங்களுக்கு முன்னாடி வந்து வாழ்த்திட்டீங்க, நல்ல சகுனம்தான்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். பின்னால் அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு வேன் முழுக்க அழைப்பு வந்தது நினைவிருக்கும். இரண்டு தெரு தள்ளி, எங்களுக்காகக் காத்திருந்த வீட்டிலும் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அங்கும் சாப்பிட்டோம். நன்றி ஜெபத்தில் போதகர் கண்ணை மூடிய ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு மூலையிலிருந்து யாராவது குலுங்கினார்கள். அவ்வளவு சந்தோஷமான ஜெபக்கூட்டத்தில் நான் அதற்குமுன் உட்கார்ந்ததில்லை.

திரும்பும்போது பழமெல்லாம் தீர்ந்து வேனில் நிறைய இடம் காலியாக இருந்தது. சட்டத்துக்கு விரோதமாக நான் சாமுவேல் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். அக்கா கண்ணாடியில் பார்த்தார், பார்க்காதது போல இருந்தார். ஆறு ஆண்டாகக் கேட்காத கேள்வியை அன்றுதான் கேட்டேன். "அன்னைக்கு என்னடா ஆச்சு?" அவன் சுருக்கமாகச் சொன்னான். காலை பத்து மணிக்கே சிங்கப்பூரில் பேருந்து ஏறிவிட்டான். கடல் தாண்டி இந்தப் பக்கம் வரும் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. போனில் சார்ஜ் போய்விட்டது. ஒரு மணிக்கு இறங்கி, கொட்டுகிற மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பாலத்தை நடந்தே கடந்திருக்கிறான். இந்தப் பக்கம் டாக்சி ஒன்றும் கிடைக்கவில்லை. "வழி முழுக்கப் பாடிக்கிட்டேதான்டா வந்தேன். மறந்துடக் கூடாதுன்னு" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று அவன் நனைந்த கால்களைப் பார்த்தும் ஏன் என்று கேட்காமல் போன என்னை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஆராதனை முடிந்து வேன் தம்போய் பக்கம் திரும்பவில்லை. "எங்கக்கா போறோம்?" என்று கேட்டதற்கு, "பெட்ரோல் போட" என்றார். கல்லறைத் தோட்டத்தில் போய் நிறுத்தினார். எல்லாரும் இறங்கி, எஸ்தரின் கல்லறையைச் சுற்றி நின்றார்கள். சாமுவேல் அந்தப் பாட்டைப் பாடினான், ஐந்து சரணமும். அக்கா ஓட்டுநர் இருக்கையின் மெத்தையைக் கொண்டுவந்து வரப்பில் போட்டு உட்கார்ந்து, தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பா கறிபாப் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். முந்தின ராத்திரியே சுட்டு வைத்திருக்கிறார். "எஸ்தருக்கு உருளைக்கிழங்கு போட்டதுதான் பிடிக்கும்" என்றார். அவ்வளவு நாளும் எஸ்தரை எனக்கு மட்டும் சொந்தமான துக்கம் என்று வைத்திருந்தேன். அன்று பதின்மூன்று பேர் நின்று அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பாதிக் கதை எனக்கே தெரியாது. வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் எழுந்து போகிற என் வழக்கம் அத்தோடு போயிற்று.

பின்னொரு நாள் அந்தத் தர்பூசணியைப் பற்றி அவரிடம் கேட்டேன். வேண்டுமென்றே செய்ததுதானே என்றேன். "எனக்கு எதுக்குப்பா அந்த வேல? பழம்னா சீட்ல வைக்கணும்" என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் வேனில் எந்தப் பழமும் சீட் பெல்ட் போட்டு நான் பார்த்ததில்லை. இரண்டாவது கண் அறுவை முடிந்து பார்வை தெளிவான பின்னும், காரை வீட்டில் நிறுத்திவிட்டு நான் வேனிலேயே வந்தேன். "உனக்குத்தான் கார் இருக்குல்ல, ஏன் என் சீட்ட அடைக்கிற?" என்று வாராவாரம் கேட்பார். கேட்டுக்கொண்டே என் வாசலில் ஹாரன் அடிப்பார்.

அவருடைய அடக்கம் புதன்கிழமை இரண்டு மணிக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே சாமுவேல் ஒரு ஹேங்கரில் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டான். "இந்தத் தடவ பாலத்துக்கு இந்தப் பக்கமே படுத்துக்கறேன்" என்றான். அடக்கத்தில் முதல் சரணம் நன்றாகப் பாடினான். இரண்டாவதில் குரல் உடைந்து நின்றுவிட்டது. வாயசைக்க மட்டுமே தெரிந்த நான் அந்த இடத்திலிருந்து எடுத்துப் பாடினேன். சுருதி எங்கோ, நான் எங்கோ. பின்வரிசையில் யாரோ அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள். அக்காவின் காதில் விழுந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார் என்பதால் நான் நிறுத்தவில்லை.

அந்த வாரமே ஷீலா வேன் சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் நீங்க ஓட்டுங்க மாமா. அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள். மெத்தையை எடுக்க மனம் வரவில்லை. அதன்மேல் உட்கார்ந்தால் என் உயரத்துக்குத் தலை கூரையில் இடிக்கிறது. இடிக்கட்டும் என்று அப்படியே ஓட்டுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்த மெத்தையும் அந்தச் சட்டமும்தான்.

போன ஞாயிறு, நான் ஓட்டத் தொடங்கி இரண்டாவது வாரம். தம்போயில் சாமுவேல் நின்றிருந்தான். கதவைத் திறந்து, பழகிய இடம் போல முன் இருக்கையில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டான். நான் வண்டியை எடுக்கவில்லை. "என்னடா?" என்றான்.

"போன வாரமும் நீ இங்கதான் உக்காந்த. பின்னால போ."

அவன் சிரித்துக்கொண்டே இறங்கிப் பின்னால் போனான். வேறொருவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் கண்ணாடியைச் சரிசெய்து, எல்லா முகமும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.